உங்களுக்குத் தெரியுமா? எச்.ஐ.வி. டெஸ்டும் நாள் கணக்கும்

மறுநாள் காலை எடுத்த டெஸ்ட்

நேற்று இரவு நடந்துபோன ஒன்றுக்காக இன்று காலையில் லேப் வாசலில் நிற்பவர்கள் நிறையப் பேர். ரத்தம் கொடுத்து, ‘நெகட்டிவ்’ என்ற தாளை வாங்கிக்கொண்டு, சாமிக்குத் தேங்காய் உடைத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகிறார்கள். ஆனால் அந்தத் தாள் நேற்று இரவைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. அது பேசுவதெல்லாம் அதற்குப் பல வாரங்களுக்கு முந்தைய நாட்களைப் பற்றி. எச்.ஐ.வி. டெஸ்ட் எவ்வளவு நம்பகமானது என்று கேட்டால் நான் சொல்லும் முதல் பதில், ‘மிக மிக நம்பகமானது’. இரண்டாவது, ‘சம்பவம் நடந்து எத்தனை நாள் ஆயிற்று?’ என்ற கேள்வி. இரண்டாவதைக் கேட்காமல் முதலாவதை மட்டும் பிடித்துக்கொள்வதால்தான் வீண் நிம்மதியும் வருகிறது, வீண் பயமும் வருகிறது.

டெஸ்டுக்கு முன்னால் ஓடும் கடிகாரம்: 72 மணி நேரம்

ஆணுறை கிழிந்துவிட்டது, மருத்துவமனையில் ஊசி கையில் குத்திவிட்டது, பாலியல் வன்முறை நடந்துவிட்டது. இப்படி ஏதாவது என்றால் அன்றைக்கு முதலில் யோசிக்க வேண்டியது டெஸ்ட் அல்ல, மருந்து. தொற்று உடலில் வேர்பிடிப்பதற்கு முன்பே தடுக்கும் மாத்திரைகள் இருக்கின்றன. ‘பெப்’ என்று மருத்துவர்கள் சொல்வார்கள். முதல் மாத்திரை 72 மணி நேரத்துக்குள் வயிற்றுக்குள் போயாக வேண்டும். முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள். தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பலன் குறைகிறது. பிறகு 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும்.

அரசு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு நேரே போய் நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். மருந்து தேவையா என்று மருத்துவர் முடிவு செய்வார். ஏற்கனவே தொற்று இருக்கிறதா என்று பார்க்க அன்றைக்கும் ஒரு டெஸ்ட் எடுப்பார்கள். ஆனால் அந்த ரிப்போர்ட்டுக்காக முதல் மாத்திரையைத் தள்ளிப்போடக் கூடாது.

ஊசி குத்திய விரலைப் பிதுக்காதீர்கள், வாயில் வைக்காதீர்கள். சோப்பு போட்டுத் தண்ணீரில் கழுவுங்கள். எச்.ஐ.வி. உள்ளவருக்குப் போட்ட ஊசியே குத்தியிருந்தாலும், ஆயிரம் பேரில் ஏறத்தாழ மூன்று பேருக்குத்தான் தொற்றும். சிறிய எண்ணிக்கைதான். அந்த மூன்றில் ஒருவராகிவிடக் கூடாது என்பதற்குத்தான் இவ்வளவு அவசரம்.

முதல் பத்து நாள்

வைரஸ் உடலுக்குள் நுழைந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். முதல் பத்து நாள் வாக்கில் உலகத்தின் எந்த லேபிலும், எவ்வளவு பணம் கொடுத்தாலும், அதை ரத்தத்தில் கண்டுபிடிக்க முடியாது. நுழைந்த இடத்திலும் பக்கத்து நிணநீர்க் கணுக்களிலும் அது பெருகிக்கொண்டிருக்கும். ரத்தத்தில் கைக்கு அகப்படும் அளவு இருக்காது.

பிறகு மூன்று தடயங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிகின்றன. முதலில் வைரஸின் மரபுப் பொருளான ஆர்.என்.ஏ. அடுத்த சில நாளில் பி24. இது வைரஸின் உள்கூட்டைச் செய்யும் புரதம். கடைசியாக, நம் உடல் பதிலுக்குத் தயாரிக்கும் ஆன்டிபாடி. வந்தவன் முதலில், அவன் சட்டை அடுத்தது, அவனைத் தேடிப் புறப்பட்ட போலீஸ் கடைசியில் என்று வைத்துக்கொள்ளலாம். எந்த டெஸ்ட் இதில் எதைத் தேடுகிறது என்பதைப் பொறுத்துத்தான் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பது அமைகிறது. இந்த இடைவெளியைத்தான் ‘விண்டோ பீரியட்’ என்கிறார்கள். சாளரக் காலம் என்று தமிழில் எழுதுவதும் உண்டு.

எந்த டெஸ்ட், எத்தனை நாள்?

கொரோனா காலத்தில் ஆர்.டி.பி.சி.ஆர். வேறு, ரேபிட் வேறு என்று நாமெல்லாம் கற்றுக்கொண்டோம். இங்கேயும் அதே மாதிரிதான்.

ஆர்.என்.ஏ.வைத் தேடும் டெஸ்ட் 10 முதல் 33 நாளுக்குள் காட்டும். விலை அதிகம், எல்லா ஊரிலும் கிடைக்காது. பொதுவாக எச்.ஐ.வி.-1 வகைக்கு மட்டுமே செய்யப்பட்டது. இதை மட்டும் வைத்து ஒருவருக்கு ‘இல்லை’ என்று முடிவுகட்டும் வழக்கமும் இல்லை.

பி24, ஆன்டிபாடி இரண்டையும் சேர்த்துத் தேடுவது நான்காம் தலைமுறை டெஸ்ட். கையில் நரம்பில் எடுத்த ரத்தத்தை லேப் மெஷினில் வைத்துப் பார்த்தால் 18 முதல் 45 நாள். அதே வகையை விரல் நுனி ரத்தத்தில், ரேபிட் கிட்டில் செய்தால் 18 முதல் 90 நாள்.

ஆன்டிபாடியை மட்டும் தேடும் சாதாரண ரேபிட் கிட்டுக்கு 23 முதல் 90 நாள்.

ஒவ்வொரு ஜோடியிலும் முதல் எண், ஒரு பகுதிப் பேருக்கு மட்டும் தெரிந்திருக்கும் நாள். இரண்டாவது எண், கிட்டத்தட்ட எல்லோருக்கும் தெரிந்துவிடும் நாள். லேபில் செய்யும் நான்காம் தலைமுறை டெஸ்டை எடுத்துக்கொண்டால், தொற்று ஏற்பட்டவர்களில் பாதிப் பேருக்கு 18 நாளிலேயே காட்டிவிடுகிறது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேரைப் பிடிக்க 45 நாள் ஆகிறது. ‘பதினெட்டு நாளில் தெரியுமாமே’ என்று பாதி வாக்கியத்தைக் கேட்டுவிட்டு ஓடுகிறவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

மண்டலக் கணக்கு

எண்கள் மறந்துபோகும் என்பவர்களுக்கு நான் சொல்லும் வழி இது. சித்த மருந்துக்கு நம் வீட்டில் சொல்வோமே, ஒரு மண்டலம், 48 நாள். லேப் மெஷினில் நான்காம் தலைமுறை டெஸ்ட் எடுப்பதாக இருந்தால் ஒரு மண்டலம் கழியட்டும். விரலில் குத்தும் ரேபிட் என்றால் இரண்டு மண்டலத்துக்குச் சற்றுக் குறைவு, அதாவது 90 நாள். என்ன டெஸ்ட் எடுத்தார்கள் என்றே தெரியாவிட்டால் 90-ஐயே வைத்துக்கொள்ளுங்கள். நம் அரசு மையங்களிலும் மூன்று மாதம் கழித்து மறுபடி வரச் சொல்வதுதான் வழக்கம்.

விரலில் ஒரு குத்து

எங்கள் தெருத் தம்பி ஒருவன், லாரி ஷெட்டில் வேலை. “துணைக்கு வாங்கண்ணே” என்று கூப்பிட்டான். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். நர்ஸ் அக்கா அவனை மட்டும் உள்ளே கூப்பிட்டார். அவன் என்னையும் இழுத்துக்கொண்டு போனான்.

“எத்தனை நாள் ஆச்சு தம்பி?”

“இருபத்திரெண்டு நாள்க்கா.”

அவர் வேறு எதுவும் துருவவில்லை. சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்து எதையோ எண்ணிக்கொண்டார். “இன்னிக்கு எடுக்கலாம். ஆனா இதோட முடிஞ்சிடாது. இன்னொரு தடவை வரணும்” என்றார்.

மோதிர விரலை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, காயவிட்டு, ஊசியால் ஒரு குத்து. முதல் துளியைப் பஞ்சில் துடைத்துவிட்டார். அடுத்த துளியைச் சின்னக் குழாயில் உறிஞ்சி, தீப்பெட்டியை விட நீளமான வெள்ளைப் பிளாஸ்டிக் பட்டையின் குழியில் விட்டார். மேலே இரண்டு சொட்டு திரவம். இளஞ்சிவப்பாக ஒரு ஈரம் பட்டையில் மெதுவாக ஏறியது. முதலில் ‘சி’ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு கோடு. அதைப் பார்த்ததும் தம்பிக்கு முகம் வெளிறிவிட்டது. “அது வரணும்ப்பா. அது வந்தாத்தான் கிட் வேலை செய்யுதுன்னு அர்த்தம். அது வரலைன்னா டெஸ்டே செல்லாது” என்றார் அக்கா. அவன் மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. கிட்டின் அட்டையில் எத்தனை நிமிடத்தில் பார்க்கச் சொல்லியிருக்கிறதோ அந்த நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும். அவசரப்பட்டு முன்னாலேயே பார்த்தால் வரவேண்டிய கோடு வராமல் இருக்கலாம். குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, மனசு கேட்காமல் மூன்று மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தால், காய்ந்த பட்டையில் இல்லாத கோடு ஒன்று மங்கலாகத் தெரியலாம். இரண்டுமே கணக்கில் சேராது.

‘நான் ரியாக்டிவ்’

ரிப்போர்ட்டில் பெரும்பாலும் பாசிட்டிவ், நெகட்டிவ் என்று போடுவதில்லை. ‘ரியாக்டிவ்’, ‘நான்-ரியாக்டிவ்’ என்றுதான் இருக்கும். ‘நான்-ரியாக்டிவ்’ என்றால் கோடு வரவில்லை, நெகட்டிவ். ஆனால் யாராவது அதை வாசித்துக் காட்டும்போது, தமிழ்க் காதுக்கு ‘நான்’ என்பது ‘நான்’ என்றே கேட்கிறது. ‘நான் ரியாக்டிவாம்’ என்று ஒருவர் இடிந்துபோக இது போதும். ‘பாசிட்டிவ்’ கதையும் இப்படித்தான். நல்ல செய்திக்கு நாம் தினமும் சொல்லும் சொல் அது. ரிப்போர்ட்டைக் கையில் வாங்கும்போதே “எனக்குத் தொற்று இருக்கா, இல்லையா?” என்று நேராகக் கேட்டுவிடுங்கள். அதைச் சொல்வது ஆலோசகரின் வேலை. இதைக் கேட்க வெட்கப்படத் தேவையில்லை.

மஞ்சளாக மாறிய ஆறு

இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்று முதன்முதலில் கண்டறிந்தது நம் சென்னைதான். 1986. மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் மைக்ரோபயாலஜி படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமன் சொன்னதன் பேரில் பாலியல் தொழிலாளர்களிடம் ரத்த மாதிரி சேகரித்தார். கையுறை கிடையாது. மாதிரிகளைப் பாதுகாத்து வைக்க வசதி இல்லாததால், வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்தார். பிறகு அவற்றை எடுத்துக்கொண்டு ரயிலேறி வேலூர் சி.எம்.சி.க்குப் போனார். அங்கேதான் எலைசா டெஸ்ட் செய்யும் வசதி இருந்தது.

ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின, அதாவது ரியாக்டிவ்.

இதற்கு அடுத்து அவர்கள் செய்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அன்றைக்கே ஊரைக் கூட்டிச் சொல்லவில்லை. மாதிரிகள் அமெரிக்காவுக்குப் போயின. அங்கே ‘வெஸ்டர்ன் பிளாட்’ என்ற வேறொரு முறையில் சோதித்து உறுதியான பிறகே விஷயம் வெளியே வந்தது. அந்த மே மாதம் தமிழக சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார். ஒரு முறை கோடு தெரிந்தால் அது சந்தேகம்தான், வேறு வழியில் சோதித்தும் அதே பதில் வந்தால்தான் முடிவு என்ற ஒழுங்கு நம் நாட்டில் அந்த முதல் நாளிலேயே இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

மூன்று கிட் எதற்கு?

அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் முதல் கிட்டில் ரியாக்டிவ் என்று வந்தால், உங்களிடம் உடனே ‘பாசிட்டிவ்’ என்று சொல்ல மாட்டார்கள். வேறு தயாரிப்பில் இரண்டாவது கிட், பிறகு மூன்றாவது கிட். அறிகுறி ஏதும் இல்லாத ஒருவருக்கு மூன்றும் ரியாக்டிவ் ஆனால்தான் பாசிட்டிவ். இவ்வளவு கெடுபிடி எதற்கு? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

இந்தியாவில் வயதுவந்தவர்களில் எச்.ஐ.வி. உள்ளவர்கள் சுமார் 0.2 சதவீதம். பத்தாயிரம் பேரை வரிசையில் நிறுத்தினால் இருபது பேர். நம் கிட் அந்த இருபது பேரையும் தவறாமல் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தொற்று இல்லாதவர்களில் ஆயிரத்துக்கு ஐந்து பேருக்கு மட்டும் தப்பாகக் கோடு காட்டுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். ‘99.5 சதவீதம் சரி’ என்று விளம்பரமே கொடுக்கலாம், அவ்வளவு நல்ல கிட். ஆனால் தொற்று இல்லாத 9,980 பேரில் ஆயிரத்துக்கு ஐந்து என்றால் ஏறத்தாழ ஐம்பது பேர். ஆக எழுபது பேருக்குக் கோடு விழுகிறது. அதில் உண்மையில் தொற்று உள்ளவர்கள் இருபது பேர்தான். மீதி ஐம்பது பேர் அன்றிரவு எந்தக் கிணற்றைத் தேடிப் போவார்களோ என்று நினைத்தாலே எனக்கு நெஞ்சு பதறுகிறது.

இப்போது அந்த எழுபது பேரையும் வேறு வகையான இரண்டாவது கிட்டுக்கு அனுப்புவோம். முதல் கிட்டை ஏமாற்றியது இரண்டாவதையும் ஏமாற்றுவது அபூர்வம். ஐம்பதில் ஒருவர் மிஞ்சுவதே அரிது. மூன்றாவதைத் தாண்டிப் போலி வருவது அதைவிட அரிது. உண்மையான இருபது பேரோ மூன்றையும் தாண்டி வருவார்கள்.

அதனால்தான் மெடிக்கல் ஷாப் கிட்டோ, தனியார் லேபின் ஒற்றை ரேபிட்டோ ரியாக்டிவ் என்றால், அது நம்பிக்கை மையத்துக்குப் போகச் சொல்லும் சீட்டு மட்டும்தான். கணவனிடமோ மனைவியிடமோ சொல்வதற்கு முன், வேலையை விடுவதற்கு முன், எந்த முடிவுக்கும் வருவதற்கு முன், அங்கே போய் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

மூன்று கிட்டும் ஒத்துப்போகாவிட்டால்?

இரண்டு ரியாக்டிவ், ஒன்று இல்லை என்று வருவதும் உண்டு. அப்போது ‘உறுதியாகச் சொல்ல முடியவில்லை’ என்று எழுதி, இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் மறுபடி வரச் சொல்வார்கள். தொற்று அப்போதுதான் தொடங்கியிருந்தால் அதற்குள் பெரும்பாலும் எல்லாக் கிட்டிலும் கோடு தெரிந்துவிடும். தொற்றே இல்லாவிட்டால் பெரும்பாலும் அப்படியே இருக்கும் அல்லது மங்கிப்போகும். கர்ப்பம், சில தன்னெதிர்ப்பு நோய்கள், அண்மையில் போட்ட தடுப்பூசி என்று ரத்தத்தில் குழப்பம் உண்டாக்கும் காரணங்கள் சில உண்டு. அந்தச் சில வாரங்கள் கொடுமையானவை, தெரியும். தனியாகக் கடக்க வேண்டாம். 1097 என்ற இலவச எண்ணுக்குப் பேசுங்கள்.

ஆறு மாதம் என்ற பழைய பேச்சு

‘ஆறு மாதம் போனால்தான் தெரியும்’, ‘பத்து வருஷம் கழித்தும் வெளிப்படலாம்’ என்று இன்றும் சொல்கிறார்கள். இதில் இரண்டு விஷயம் கலந்துவிட்டது. முதல் எச்.ஐ.வி. டெஸ்டுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1985 மார்ச்சில். அந்தக் கால டெஸ்டுகளுக்கு ஆன்டிபாடி நிறையச் சேர்ந்தால்தான் கண்ணுக்குத் தெரியும். ஆறு மாதம் என்ற எச்சரிக்கை அந்த நாட்களின் மிச்சம். பத்து வருடம் என்பது, சிகிச்சை இல்லாவிட்டால் எய்ட்ஸ் என்ற கடைசிக் கட்டம் வர ஆகக்கூடிய காலம். நோய் முற்றுவதற்குத்தான் பத்து வருடம். டெஸ்டில் தெரிவதற்கு அல்ல.

மருத்துவமனையில் ஊசி குத்தியவர்களுக்கு, முக்கியமாக அதே ஊசியில் ஹெபடைடிஸ் சி-யும் தொற்றியிருந்தால், இன்னும் நீண்ட காலம் கண்காணிப்பது உண்டு. மற்றவர்கள் ஆறு மாதம் தூக்கத்தைத் தொலைக்க வேண்டியதில்லை.

காய்ச்சல் சொல்லும் சாட்சி செல்லாது

தொற்று ஏற்பட்ட இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் சிலருக்குக் காய்ச்சல், தொண்டை வலி, உடலில் தடிப்பு, கழுத்தில் நெறிகட்டு வரும். நம்மூரில் டெங்குவுக்கும் இதுதான், சாதாரண வைரல் காய்ச்சலுக்கும் இதுதான். சிலருக்கு ஒரு தும்மல்கூட வராது. அதனால் அறிகுறி வந்துவிட்டது என்று முடிவுசெய்வதும் தப்பு, வரவில்லை என்று டெஸ்டை விடுவதும் தப்பு. நாக்கைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு இரவெல்லாம் விழித்திருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பயத்தில் வயிறு கலங்கும், வாய் உலரும், எடைகூடக் குறையும். அவையெல்லாம் பயத்தின் அறிகுறிகளாகவே இருக்கலாம்.

வெறும் வயிறு வேண்டாம்

காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டுப் போகலாம். மாதவிடாய் நாளிலும் எடுக்கலாம். முந்தின நாள் குடித்திருந்தாலும், சளிக்கு ஆன்டிபயாடிக் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் ரிசல்ட் மாறாது. ‘டோட்டல் கவுன்ட்’ நன்றாக இருக்கிறது, அதனால் எச்.ஐ.வி. இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த ரத்தப் பரிசோதனையில் இதைக் கண்டுபிடிக்க முடியாது.

ரிசல்ட்டை மாற்றும் மாத்திரை

மாற்றக்கூடியது ஒன்று உண்டு, எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையே. ‘பெப்’ சாப்பிட்டவர்களுக்கும், முன்கூட்டியே சாப்பிடும் ‘பிரெப்’ எடுப்பவர்களுக்கும், ஒருவேளை தொற்று ஏற்பட்டிருந்தால் வைரஸ் அடங்கியிருந்து ஆன்டிபாடி தாமதமாக வரலாம். அவர்களுக்கு சம்பவம் நடந்த நாளிலிருந்து எண்ணுவது சரிப்படாது. 28 நாள் மருந்து முடிந்த பிறகும் மருத்துவர் குறித்துக் கொடுக்கும் தேதிகளில் டெஸ்ட் எடுத்தே ஆக வேண்டும். டெஸ்ட் எடுக்கும் இடத்தில் ‘நான் மாத்திரை சாப்பிட்டேன்’ என்று சொல்லவும் வேண்டும்.

ரத்த தானத்தில் டெஸ்ட் பார்க்கலாமா?

கூடவே கூடாது. ‘கேம்ப்பில் ரத்தம் கொடுத்தால் சும்மா டெஸ்ட் செய்வார்கள், ஏதாவது இருந்தால் கூப்பிடுவார்கள்’ என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். இந்தியாவில் 1989 முதல் தானமாக வரும் ரத்தத்துக்கு எச்.ஐ.வி. சோதனை கட்டாயம். ஆனால் அந்தச் சோதனைக்கும் விண்டோ பீரியட் உண்டு. 15-ஆம் நாள் கொடுத்த ரத்தம் சோதனையில் தப்பித்துப் பிரசவ வார்டில் ஒரு தாய்க்கு ஏறலாம். தொற்றுள்ள ரத்தம் ஒரு பாட்டில் ஏறினால் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மேல் தொற்றிவிடும். மற்ற எந்த வழியிலும் இவ்வளவு நிச்சயமாகத் தொற்றுவதில்லை. அமெரிக்காவில் 1985-ல் டெஸ்ட் வந்தபோதே இந்தப் பயம் இருந்தது. ரத்த வங்கிக்கு மக்கள் டெஸ்டுக்காக வந்துவிடக் கூடாது என்று தனியாக இலவச டெஸ்ட் மையங்களைத் திறந்தார்கள். நமக்கும் நம்பிக்கை மையங்கள் இலவசமாகவே இருக்கின்றன. சந்தேகம் இருக்கும்வரை ரத்தம் கொடுக்காதீர்கள்.

‘அவங்களுக்கு நெகட்டிவ்தானே’

மனைவிக்குப் பிரசவ காலத்தில் எடுத்த டெஸ்ட் நெகட்டிவ், அதனால் தனக்கும் இல்லை என்று இருக்கும் கணவர்கள் பலர். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒவ்வொரு முறையும் தொற்றுவதில்லை. வருடக்கணக்காகச் சேர்ந்து வாழ்ந்தும் ஒருவருக்கு மட்டும் தொற்று இருக்கும் தம்பதிகள் உண்டு. உங்கள் டெஸ்டை உங்கள் ரத்தத்தில்தான் எடுக்க வேண்டும்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. உள்ள ஒருவர் ஏ.ஆர்.டி. எனப்படும் சிகிச்சை மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு, வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலைக்குக் குறைந்து, அது அப்படியே நீடித்தால், உடலுறவு வழியாக அவரிடமிருந்து தொற்றாது. பெரிய ஆய்வுகளில் இது உறுதியாகிவிட்டது. ஆனால் அவர் ரேபிட் டெஸ்ட் எடுத்தால் பொதுவாகப் பாசிட்டிவ் என்றே வரும். ஆன்டிபாடி அவர் உடலில் தங்கியிருக்கும். சிலர் ‘வைரஸ் இல்லை’ என்ற வரியைப் பார்த்து மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்திய சில வாரங்களில் வைரஸ் திரும்பிவிடும்.

கேட்காமல் எடுக்கக் கூடாது

எச்.ஐ.வி. பற்றிய 2017-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கிறது. உங்களிடம் விளக்கிச் சொல்லிச் சம்மதம் வாங்காமல் எச்.ஐ.வி. டெஸ்ட் எடுக்கக் கூடாது. ரிசல்ட்டை ஊருக்குச் சொல்லக் கூடாது. வேலைக்குச் சேர்க்க, பள்ளியில் இடம் கொடுக்க, சிகிச்சை தர இந்த டெஸ்டை நிபந்தனையாக வைக்கக் கூடாது. ரிசல்ட் வெளியே கசியும் என்று பயந்து டெஸ்டுக்கே போகாதவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தொண்ணூற்றிரண்டாம் நாள்

லாரி ஷெட் தம்பி வீட்டுத் தினசரி காலண்டரில் ஒரு தேதியின் மூலையை மடித்து வைத்திருந்தான். யாரும் கேட்கவில்லையாம். அன்றைக்கு என்னைக் கூப்பிடாமல் தானே போய்விட்டு வந்து, “நெகட்டிவ்ணே” என்றான். சரி, முடிந்தது என்று நினைத்தேன். ஒரு மாதம் கழித்து, “இன்னொரு தடவை எடுத்துப் பாத்துடலாமாண்ணே?” என்று கேட்டான்.

இது நிறையப் பேருக்கு நடக்கிறது. குறித்த நாள் தாண்டி, புதிதாக எதுவும் நடக்காதபோது, அந்த நெகட்டிவ் முடிவானது. பத்தாவது டெஸ்ட் பதினோராவதைக் கேட்கும். அப்போது தேவைப்படுவது ரத்தப் பரிசோதனை அல்ல, யாரிடமாவது உட்கார்ந்து பேசுவது. தம்பியை மறுபடியும் அந்த அக்காவிடமே கூட்டிப்போனேன். அவர் விரலில் குத்தவில்லை. அரை மணி நேரம் பேசினார்.

பிறந்த குழந்தைக்கு வேறு கணக்கு

எச்.ஐ.வி. உள்ள தாய்க்குப் பிறந்த குழந்தையிடம் ரேபிட் டெஸ்ட் எடுத்தால் பாசிட்டிவ் என்று காட்டும். தொற்று இல்லாத குழந்தைக்கும் காட்டும். காரணம், தாயின் ஆன்டிபாடி தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்குப் போயிருக்கும். அது முழுதாகக் கரைய 18 மாதம் வரை ஆகலாம். விவரம் தெரியாதவர்கள் பச்சைக் குழந்தைக்குச் சாதாரண டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிட்டுத் தாயைக் குற்றவாளிபோல நடத்திய காலம் ஒன்று இருந்தது.

இப்போது ஆறாவது வாரத்தில் குழந்தையின் குதிகாலில் குத்தி, சில துளி ரத்தத்தைத் தனி அட்டையில் வட்டம் வட்டமாகக் காயவைத்து, வைரஸின் மரபுப் பொருளையே தேடும் டெஸ்டுக்கு அனுப்புகிறார்கள். தாய் கர்ப்பத்திலிருந்தே மாத்திரை சாப்பிட்டு, குழந்தைக்கும் சொட்டு மருந்து கொடுத்திருந்தால், பெரும்பாலான குழந்தைகளுக்கு நெகட்டிவ்தான் வருகிறது. ஆனாலும் அதோடு விடுவதில்லை. ஆறாவது மாதம், பன்னிரண்டாவது மாதம் என்று தொடர்ந்து பார்த்து, பால்குடி மறந்த பிறகு, 18 மாதத்தில் கடைசி டெஸ்ட். ஆறாவது வாரத்தில் துணியில் சுற்றித் தூக்கி வந்த குழந்தை, அந்தக் கடைசி டெஸ்டுக்கு அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டு நடந்தே வரும்.